பீக்ல வெச்சா... பிளேன் போச்சு!

ஒரு தீக்குச்சியை எடுங்க. கோவில்பட்டியில இருந்துக்கிட்டு தீப்பெட்டிக்கா பஞ்சம்? உரசுங்க. மருந்து 'சர்'ருன்னு சீறும். ஆனா, குச்சியில நெருப்பு பிடிச்சு நின்னு எரிய ஒரு கணம் ஆகும். பொறி வேற, நெருப்பு வேற! ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியைப் பத்தித்தான் இப்ப பேசப் போறோம். அதைச் சரியாப் பிடிச்சா விமானம் பறக்கும். தப்பாப் பிடிச்சா விரல் பறக்கும்.

விமானம்னதும் வாகைகுளம் ஏர்போர்ட்டை நினைக்காதீங்க. கையில ரிமோட்டை வெச்சுக்கிட்டு, அறுப்பு முடிஞ்ச கரிசக்காட்டுல நின்னு ஓட்டுறோமே... அந்த மாடல் விமானம். அதுலயும் பேட்டரியில 'ங்ங்ங்'னு கொசு மாதிரி பாடுறது இல்ல. பெட்ரோல் ஊத்தி ஓட்டுற ஜாதி. மெக்கானிக்கல், ஏரோ பசங்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டுரைன்னு பி.காம். நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இதுல உங்க டி.வி.எஸ். 50-யும் வருது.

முதல்ல நான் அசிங்கப்பட்ட கதையைச் சொல்லிடுறேன். ஃபைனல் இயர்ல அஞ்சு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் 30 சிசி பெட்ரோல் இன்ஜின் வாங்கினோம். விமானம் நாங்களே பண்ணினது. பங்குனி மாசம், மத்தியானம் ரெண்டு மணி வெயில். எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு தரிசுல இன்ஜினை ஸ்டாண்டுல கட்டி, கையில டேக்கோமீட்டரோட கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுறோம். 7,200... 7,400... 7,500! அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. "பீக் வந்துருச்சுடா!"ன்னு கத்தி, அந்த இடத்துலயே விட்டுட்டோம்.

பக்கத்துப் புஞ்சையில பிரஷ் கட்டர் வெச்சு களை வெட்டிக்கிட்டிருந்த நண்பனோட மாமா, மெஷினை நிறுத்திட்டு வந்தார். ரெண்டு நிமிஷம் கேட்டார். "என்ன மாப்ளே, இன்ஜின் பசியில கத்துதே... கொஞ்சம் சோறு போடுங்கலே" அப்படின்னார். நாங்க சிரிச்சோம். அவருக்கு டேக்கோமீட்டர் தெரியாதுல்ல!

மறுநாள் காலையில ஆறரை மணிக்குப் பறக்க விட்டோம். ஜம்முனு கிளம்புச்சு. முழு த்ராட்டில்ல ஏறிக்கிட்டிருந்தது, இருபதாவது விநாடியில 'கீய்ய்'னு ஒரு சத்தம் போட்டுச்சு. அப்புறம் சத்தமே இல்ல. ஒரு சீமைக் கருவேல மரத்துல போய் உட்கார்ந்துச்சு எங்களோட ஒரு வருஷ உழைப்பு. பட்டறையில கழட்டிப் பார்த்தா பிஸ்டன்ல, சைலன்சர் பக்கமா, நகத்தால பிறாண்டின மாதிரி நெட்டுக்குக் கோடு கோடா கீறல். சீஸ்! பட்டினி போட்டே கொன்னுட்டோம்.

பசின்னா என்ன?

ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேணும். இது எல்லாப் பாடப்புத்தகத்துலயும் இருக்கு. ஆனா, அதிகமா சக்தி கிடைக்கிறது அந்த இடத்துல இல்லை. 12.5, 13-ன்னு பெட்ரோல் கொஞ்சம் கூடுதலா இருக்கும்போதுதான் இன்ஜின் நல்லா இழுக்கும். அதைத் தாண்டி காற்றைக் கூட்டிக்கிட்டே போனா 'லீன்'. மாமா பாஷையில, பசி.

டூ-ஸ்ட்ரோக்ல பெட்ரோல் வெறும் எரிபொருள் மட்டும் இல்லை. ஆயிலைச் சுமந்துக்கிட்டு உள்ளே போறதே அதுதான். ஆவியாகும்போது பிஸ்டனைக் குளிர வைக்கிறதும் அதுதான். ஆக, ஸ்க்ரூவைத் திருகி பெட்ரோலைக் குறைச்சா சூடு ஏறும், ஆயிலும் குறையும், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். அலுமினிய பிஸ்டன் உப்பும். சிலிண்டர் அந்த வேகத்துல உப்பாது. அப்புறம் 'கீய்ய்'.

இங்கே நிறையப் பேர் குழம்புற ஒரு இடம் இருக்கு. 'மிக்ஸர்'னு நாம ரெண்டு விஷயத்தைச் சொல்றோம். ஒண்ணு, பங்க்ல டி.வி.எஸ். 50-க்கு 2டி ஆயில் கலந்து ஊத்துவாங்களே, அந்தப் பெட்ரோல்-ஆயில் கலவை. மாடல் இன்ஜினுக்கு 30-க்கு 1, 40-க்கு 1-ன்னு கம்பெனி சொல்லியிருக்கும். 40-க்கு 1-ன்னா ஒரு லிட்டருக்கு 25 மில்லி. இன்னொண்ணு, கார்புரேட்டர்ல நடக்கிற காற்று-பெட்ரோல் கலவை. "இன்ஜின் சூடாகுது, ஆயிலைக் கூட்டிப் பார்ப்போம்"னு ஒரு குரூப் கிளம்பும். ஆயில் கூடினா அதே ஓட்டையில போற பெட்ரோல் குறையும். அதாவது, இன்னும் லீன்! போடா வெண்ணெய்ன்னு சொல்லத் தோணும். ஆனா நாங்களும் அதைப் பண்ணினவங்கதான்.

சரி, பீக்ல வெச்சது ஏன் தப்பு? தரையில கட்டிப் போட்ட இன்ஜின் வேற, பறக்கிற இன்ஜின் வேற. விமானம் ஓட ஆரம்பிச்சதும் புரொப்பல்லருக்கு எதிர்ல காற்று ஓடி வரும், சுமை குறையும், இன்ஜின் இன்னும் வேகமா சுத்தும். தரையில இருந்ததைவிட சூடு கூடும். கூடவே நாங்க பண்ணின இன்னொரு புத்திசாலித்தனம்... மத்தியானம் 40 டிகிரியில டியூன் பண்ணி, காலையில 25 டிகிரியில பறக்கவிட்டது. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம். 40-க்கும் 25-க்கும் சுமார் 5 சதவீத வித்தியாசம். கார்புரேட்டர்ல அதுல பாதி அளவுக்குக் கலவை லீன் பக்கம் நகரும். பாதிதானேன்னு நினைக்கலாம். விளிம்புல நிக்கிறவனைத் தள்ள ஒரு விரல் போதாதா?

பெட்ரோலும் மாறிப்போச்சு. 2025 வாக்குல நாடு முழுக்க பங்குகளுக்கு வந்துட்ட இ20-ல அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். எத்தனால்ல ஆக்சிஜன் ஏற்கெனவே உள்ளேயே இருக்கு. அது எரிய 9 மடங்கு காற்றே போதும். ரெண்டும் கலந்த இ20-க்கு 14.7 இல்ல, 13.5-ஐ ஒட்டி வரும். புது பைக்ல கம்ப்யூட்டர் இருக்கு, அதுவே கணக்குப் போட்டு பெட்ரோலைக் கூட்டிக்கும். நம்ம கார்புரேட்டர்ல இருக்கிறது ரெண்டு ஸ்க்ரூதான். யாரோ யூடியூப்ல அமெரிக்காவுல இருந்து சொன்ன செட்டிங்கை இங்கே அப்படியே வெச்சா என்ன ஆகும்னு சொல்லணுமா? எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கார்புரேட்டர் உள்ளே இருக்கிற ரப்பர் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். ஓட்டி முடிச்சதும் டேங்க்கை வடிச்சுட்டு, மிச்சம் இருக்கிறது தீர்ற வரைக்கும் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்க. அடுத்த மாசம் பறக்கிறதுக்குப் போன மாசக் கலவையை எடுக்காதீங்க.

விரல் பறக்கும் கணக்கு

இப்போ தீக்குச்சிக்கு வருவோம். பிளக்ல பொறி விழுந்ததும் கலவை எல்லாம் ஒரே நொடியில வெடிக்கிறதில்லை. நெருப்பு பிளக்ல கிளம்பி சிலிண்டர் முழுக்கப் பரவணும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கும்போது அழுத்தம் உச்சத்துல இருந்தாத்தான் முழு பலன். அதனால பிஸ்டன் மேலே வந்து சேர்றதுக்கு முன்னாடியே பொறியை விடணும். இந்த வகை இன்ஜின்கள்ல ஓட்டத்துல இருக்கும்போது உச்சிக்குச் சுமார் 28 டிகிரி முன்னாடி விடுறது வழக்கம்.

கணக்கைப் பாருங்க. 7,500 ஆர்.பி.எம்-ல ஒரு சுத்துக்கு 8 மில்லி விநாடி. 28 டிகிரிங்கிறது அதுல 0.6 மில்லி விநாடி சொச்சம். கண்ணிமைக்கிற நேரத்துல நூறுல ஒரு பங்குகூடத் தேறாது! சரி, அதே இன்ஜினை ஸ்டார்ட் பண்ண நீங்க கையால தட்டுறீங்க. என்ன, ஒரு 300 ஆர்.பி.எம். இருக்குமா? இப்போ அதே 28 டிகிரியைக் கடக்க 15 மில்லி விநாடிக்கு மேல ஆகும். பிஸ்டன் ஆடி அசைஞ்சு மேலே வர்றதுக்குள்ள நெருப்பு முழுசா பரவி முடிஞ்சுடும். என்ன ஆகும்? "மேலேயா வர்றே... போடா கீழே!"ன்னு பிஸ்டனைத் திருப்பி அடிக்கும். 18 அங்குல புரொப்பல்லர் எதிர்ப்பக்கமா சுத்தி வந்து கையில இறங்கும். பிரஷ் கட்டர் கயிற்றை இழுக்கும்போது சில சமயம் கயிறு வெடுக்குனு கையைத் திருப்பி இழுக்குமே... அதே உதைதான். அங்கே கைப்பிடி மட்டும் போகும்.

இந்தத் தலைவலி இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. 1930-கள்ல அமெரிக்காவுல 'பிரவுன் ஜூனியர்'னு ஒரு குட்டி பெட்ரோல் இன்ஜின் வந்தப்போ, பாயின்ட், காயில், பேட்டரி எல்லாம் தனித்தனி. டைமிங்கை மாத்த ஒரு நெம்புகோல். பின்னாடி தள்ளி வெச்சு ஸ்டார்ட் பண்ணுவாங்க, ஓட ஆரம்பிச்சதும் விரலால முன்னாடி தள்ளுவாங்க. வால்டர் குட், வில்லியம் குட்னு இரட்டைச் சகோதரர்கள், 'கஃப்'னு ரேடியோவால இயங்கின விமானத்தை 1937-ல் பறக்கவிட்டதும் பெட்ரோல் இன்ஜின்லதான். அந்த விமானம் இன்னும் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. 1947-ல் ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவந்ததும் காயிலும் பேட்டரியும் மூட்டை கட்டிக்கிச்சு. பொறியே வேணாம், ஒரு கம்பிச் சுருள் கனன்றுக்கிட்டே இருக்கும், மெத்தனால் எரியும். பெட்ரோல் இன்ஜின் திரும்ப வந்தது எப்படித் தெரியுமா? பெரிய சைஸ் மாடல் செய்றவங்க மரம் அறுக்கிற செயின் சா, புல் வெட்டுற மெஷின் இன்ஜின்களைக் கழட்டி மாட்ட ஆரம்பிச்சாங்க. ஆக, அந்தப் புஞ்சையில எங்க இன்ஜினும் மாமா தோள்ல தொங்கின மெஷினும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க. எங்களுக்குத்தான் அப்போ தெரியலை.

இப்போ வர்ற மாடல் இன்ஜின்கள்ல எலெக்ட்ரானிக் இக்னிஷன். புரொப்பல்லர் ஹப்ல ஒரு பொட்டு காந்தம், எதிர்ல ஒரு சென்சார். மெதுவா சுத்தும்போது பொறியைத் தாமதப்படுத்தி, வேகம் ஏற ஏற 28-க்குக் கொண்டுபோகும். அந்தப் பழைய நெம்புகோல் வேலையை ஒரு சில்லு பார்க்குது. அதுக்காக சென்சாரை இஷ்டத்துக்கு நகர்த்தாதீங்க. "இன்னும் அஞ்சு டிகிரி முன்னாடி தள்ளினா பவர் வரும்"னு ஒரு புண்ணியவான் ஒவ்வொரு டீமுலயும் இருப்பான். அதிகம் முன்னாடி தள்ளினா உதையும் சூடும்தான் வரும். பின்னாடி தள்ளினா இன்ஜின் சொங்கி, எரிஞ்சு முடியாத நெருப்பு சைலன்சருக்குப் போய் அதைக் காய்ச்சும். சந்தேகம்னா ஜெராக்ஸ் கடையில 360 டிகிரி வட்டம் ஒண்ணு பிரின்ட் எடுத்து ஹப்ல ஒட்டுங்க, பிஸ்டனோட உச்சியைக் கண்டுபிடிங்க, பிளக்கை வெளியே எடுத்து பாடியோட சேர்த்துப் பிடிச்சு, பொறி எங்கே விழுதுன்னு பார்த்து மார்க் பண்ணுங்க. பிளக்கைப் பாடியில படவைக்காம பொறி பார்த்தா அந்த எலெக்ட்ரானிக் பெட்டியே காலி. சோதிக்கும்போது பக்கத்துல பெட்ரோல் இருந்தா நீங்களும் காலி. டைமிங்கை ஒரு தடவை சரிபார்த்தாச்சுன்னா அப்புறம் அதை மறந்துடுங்க. தினம் திருக வேண்டியது கார்புரேட்டரை மட்டும்தான்.

பிரஷ் கட்டர் யூனிவர்சிட்டி

இதையெல்லாம் கத்துக்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணி இன்ஜின் வாங்கித்தான் ஆகணுமா? வேண்டாம். ஊர்ல யார் வீட்டுலயாவது பிரஷ் கட்டர் இருக்கும். நல்லா கேட்டா ஒரு ஞாயித்துக்கிழமை குடுப்பாங்க. வாங்கிட்டு வந்து பாருங்க. ஃப்ளைவீல் ஓரத்துல காந்தம், எதிர்ல காயில். ரெண்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர். மெக்கானிக் ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகி காயிலை இறுக்குவார், அவ்வளவுதான் கேஜ்! ஃப்ளைவீலைத் தண்டுல பிடிச்சு நிறுத்துற சின்ன சாவித் துண்டு அறுந்து, வீல் கொஞ்சூண்டு நகர்ந்தாலும் டைமிங் போச்சு. "நேத்து வரைக்கும் ஓடுச்சு தம்பி, இன்னிக்கு உதைக்குது"ன்னு வர்ற மெஷின்கள்ல இதையும் பார்க்கணும்.

கார்புரேட்டர்ல ரெண்டு ஸ்க்ரூ. 'எல்' மெதுவான ஓட்டத்துக்கு, 'எச்' முழு வேகத்துக்கு. வலப்பக்கம் திருகினா லீன், இடப்பக்கம் திருகினா ரிச். ரெண்டையும் மெதுவா மூடி, ஒன்றரைச் சுத்து திறந்து ஆரம்பிங்க. இன்ஜின் நல்லா சூடான பிறகு முதல்ல 'எல்'. த்ராட்டிலை வெடுக்குனு திறக்கும்போது தயங்கி செத்துப் போச்சுன்னா பசி. புகையோட கொர்கொர்னு திணறி ஏறினா அஜீரணம். அப்புறம் முழு த்ராட்டில்ல 'எச்'. ரிச்சா இருக்கும்போது 'டொர்ர்-டொர்ர்'னு உடைஞ்ச சத்தம் வரும். வலப்பக்கம் மெதுவா, கடிகார முள் அஞ்சு நிமிஷம் நகர்ற அளவுக்குத் திருகத் திருக அந்த உடைசல் மறைஞ்சு ஒரே ராகமாகும். இன்னும் திருகினா பீக். அதுதான் நாங்க நின்ன இடம். அங்கே நிக்காதீங்க. அங்கேருந்து திரும்பி இடப்பக்கம் வாங்க, டேக்கோமீட்டர்ல 200 குறையற வரைக்கும். சத்தத்துல லேசா ஒரு கரகரப்பு எட்டிப்பார்க்கும். அதுதான் மாமா சொன்ன சோறு. அப்புறம் 'எல்'லை மறுபடி ஒருதரம் பாருங்க, ஏன்னா முழு வேகத்துலயும் அந்தப் பாதை வழியா கொஞ்சம் பெட்ரோல் போகும்.

சரிதானான்னு பிளக் சொல்லும். முழு வேகத்துல ஓட்டி சட்டுன்னு நிறுத்தி, பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பீங்கான் டீ கலர்ல இருந்தா நிம்மதி. வெள்ளை வெளேர்னு இருந்தா பட்டினி. கரி அப்பி ஈரமா இருந்தா ஓவர்.

ஒரு எச்சரிக்கை. கத்துக்கத்தான் பிரஷ் கட்டர். அதோட தண்டுல புரொப்பல்லரை அப்படியே போல்ட் போட்டு மாட்டிப் பறக்கவிடுற வேலை வேண்டாம். 7,500-ல சுத்துற 18 அங்குல புரொப்பல்லரோட நுனி மணிக்கு 640 கிலோமீட்டருக்கு மேல போகுது. அதுக்குன்னு கடைஞ்ச ஹப், சரியான போல்ட் இல்லாம அதை நம்பக் கூடாது.

ஏன் இந்தப் பாடு?

பேட்டரியை மாட்டினா முடிஞ்சது, எதுக்குப்பா பெட்ரோல் நாத்தம்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். பத்து நிமிஷம் பறந்தா போதும்னா பேட்டரியே ராஜா. ஆனா, ஒரு கிலோ பெட்ரோல்ல சுமார் 12 யூனிட் சக்தி இருக்கு. ஒரு கிலோ லித்தியம் பாலிமர் பேட்டரியில கால் யூனிட்கூடத் தேறாது. நம்ம குட்டி இன்ஜின் ஆறுல அஞ்சு பங்கைச் சூடாவும் சத்தமாவும் வீணடிச்சாலும் மிச்சம் ரெண்டு யூனிட். நேரம் வேணும், எடை தூக்கணும்னா இந்தக் கணக்குதான் ஜெயிக்கும்.

அப்துல் கலாம் ஏரோநாட்டிக்ஸ் படிச்ச அதே குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில உருவான தக்‌ஷா டீமை ஞாபகம் இருக்கா? 2018-ல் நடிகர் அஜித் ஆலோசகரா இருந்தாரே! அவருக்கு ஏரோ மாடலிங் ரொம்ப நாள் கிறுக்கு. அந்த வருஷம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துல, எங்கோ இருக்கிற நோயாளியோட ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் போய் எடுத்து வரணும்னு நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில ரெண்டாவது இடம் பிடிச்சாங்க. பிறகு அதே பெயர்ல கம்பெனியா வளர்ந்து, பெட்ரோல் இன்ஜினை ஜெனரேட்டரோட சேர்த்த ஹைப்ரிட் விவசாய ட்ரோனும் செஞ்சாங்க. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் முதுகுல டேங்க்கைச் சுமந்து மருந்தடிக்கிற நம்ம சம்சாரிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு விளாத்திகுளம், கயத்தாறுப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொறியும் கலவையும் தெரிஞ்ச பசங்களுக்கு வேலை அங்கே இருக்கு.

கரிசலுக்குன்னு ஒரு பிரச்னை உண்டு. புழுதி! மாடல் விமான கார்புரேட்டர்ல பெரும்பாலும் ஃபில்டரே இருக்காது. தரையில வெச்சு அரை மணி நேரம் டியூன் பண்ணினா புரொப்பல்லர் கிளப்புற மண்ணை இன்ஜின் தின்னும், ரிங்கும் சிலிண்டரும் தேயும். ஒரு பழைய தார்ப்பாயை விரிச்சு அதுமேல வேலை பாருங்க. ஓடுபாதைக்கு வெடிப்பு விழுந்த நிலம் ஆகாது, சக்கரம் உள்ளே போயிடும். வண்டித்தடம் நல்லது. ஆடியில வேண்டவே வேண்டாம், கயத்தாறு காத்தாடிக்குப் போற காற்று உங்க பிளேனையும் கூட்டிட்டுப் போயிடும். 2021 ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் பச்சை மண்டலமான்னு அரசாங்க வரைபடத்துல பார்த்துட்டு, காட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க.

ஸ்டார்ட் பண்ணும்போது ஒருத்தர் வாலைப் பிடிக்கணும். தட்டுறவர் கையில தடிமனான தோல் கிளவுஸ். கழுத்துல ஐ.டி. கார்டு தொங்கவே கூடாது. காலேஜ் பசங்க மறக்கிறது இதைத்தான். ஸ்க்ரூ திருகுறவர் புரொப்பல்லருக்குப் பின்னாடி நிக்கணும், முன்னாடியும் இல்லை, பக்கத்துலயும் இல்லை. இக்னிஷனுக்குன்னு தனி சுவிட்ச், அது எல்லாருக்கும் தெரியிற இடத்துல. ரேடியோ ரிசீவரை இக்னிஷன் பெட்டியிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, தனி பேட்டரியில வைங்க. இல்லேன்னா அந்தப் பொறி ரேடியோவுலயும் 'கரகர'ன்னு பேசும்.

எங்க இன்ஜினுக்குப் புது பிஸ்டன், ரிங் போட்டோம். மூணு வாரம் கழிச்சு அதே புஞ்சை, இந்தத் தடவை காலையில ஆறு மணிக்கே டியூனிங். மாமாவைக் கூப்பிட்டு உட்கார வெச்சோம். டேக்கோமீட்டர் 7,300 காட்டுச்சு. எங்களுக்கு மனசே ஆறலை, 200 போச்சேன்னு. அவர் வேப்பங்குச்சியை மென்னுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தார். "ம்... இப்ப சாப்பிட்டிருக்கு. விடுங்க" அப்படின்னார். விட்டோம். பதினோரு நிமிஷம் பறந்துச்சு. பெட்ரோல் தீர்றதுக்கு முன்னாடி நாங்களே இறக்கிட்டோம்.